நீலக் கடிதத்தில் வுட்ஸ்டாக்

அம்மாவின் காரியங்கள் முடிந்த மறுநாள் தங்கை பரணிலிருந்து தகர டிரங்குப் பெட்டியை இறக்கினாள். அது 1991. உள்ளே கூறைப்புடவைக்கு அடியில், நூல் சுற்றிய கடிதக் கட்டு ஒன்று இருந்தது. எல்லாம் நான் அமெரிக்காவில் படித்தபோது எழுதிய நீல ஏரோகிராம்கள். மடிப்புகளில் பிய்ந்து, சில இடங்களில் மை கலங்கிப்போயிருந்தன. ஒன்றில் 20-8-1969 என்று தேதி. நின்றபடியே படிக்கத் தொடங்கியவன், பாதியில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடங்களாக நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்த கதை வேறு. அந்தக் கடிதத்தில் இருந்தது வேறு.

வுட்ஸ்டாக் இசைவிழாவுக்குப் போய்வந்தவன் நான். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பார்த்தீர்களா?” பார்த்தேன் என்றுதான் சொல்லிவந்தேன். வெள்ளைச் சட்டையில் குஞ்சம் ஆட, அமெரிக்க தேசிய கீதத்தை கிதாரில் அவர் கதறவிட்டதும், குண்டு விழுகிற ஓசை அதற்குள்ளிருந்து கிளம்பியதும் என் கண்ணிலும் காதிலும் இன்றும் இருக்கின்றன. ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியது ஆகஸ்ட் 18, திங்கள் காலை ஒன்பது மணிவாக்கில். கடிதத்தில் நானே எழுதியிருக்கிறேன்: “ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிட்டோம்.” நான் பார்த்தது 1970-ல் வந்த படத்தை. மைக்கேல் வாட்லி இயக்கி, ஆஸ்கர் வாங்கிய, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படம் என் நினைவுக்குள் புகுந்து, என்னுடையதைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டது. அங்கே போனவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும்! ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தபோது மைதானத்தில் மிஞ்சியிருந்தது கூட்டத்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே. அவரைக் கண்ணாரக் கண்டதாகச் சொல்கிறவர்களோ ஏராளம்.

அதனால் இந்தக் கட்டுரையில் கடிதத்தை நம்பி எழுதுகிறேன். அதில் இல்லாததைச் சொல்ல நேர்ந்தால், பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது 23 வயது. கிணத்துக்கடவுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவையில் பொறியியல் முடித்து, நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விடுதி அறிவிப்புப் பலகையில் சிவப்பாக ஒரு சுவரொட்டி. கிதாரின் கழுத்தில் ஒரு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கும். அதில் போட்டிருந்த பெயர்களில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சிதார் கலைஞர் ரவி ஷங்கர். மூன்று நாளுக்கும் சேர்த்து முன்பதிவுக் கட்டணம் 18 டாலர். டாலர் ஏழரை ரூபாய் விற்ற காலம். 135 ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டதும் கை பின்வாங்கியது. இருந்தும் வாங்கினேன். ஒரு வருடமாக நம் பக்கத்து வாத்தியம் எதையும் நேரில் கேட்டிருக்கவில்லை.

அந்தச் சீட்டைக் கடைசிவரை யாரும் கேட்கவே இல்லை. இன்னும் என்னிடம் முழுசாக இருக்கிறது.

விழா நடந்தது வுட்ஸ்டாக் ஊரில் அல்ல. முதலில் வால்கில் என்ற ஊரில் நடத்துவதாக ஏற்பாடு. ஊர்க்காரர்கள் எதிர்த்து, விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அனுமதியை மறுத்துவிட்டார்கள். மைக்கேல் லாங் முதலான நான்கு இளைஞர்கள்தான் விழா நடத்துபவர்கள். இடம் தேடி அலைந்த அவர்களுக்கு பெத்தல் என்ற சிற்றூரில் நிலம் கொடுத்தவர் மேக்ஸ் யாஸ்கர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை, 49 வயது, பால்பண்ணைக்காரர், குடியரசுக் கட்சி ஆதரவாளர். யாஸ்கரின் பாலை வாங்காதீர்கள் என்று அக்கம்பக்கத்தில் பலகை எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் பிடிவாதமாக நின்றாராம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே நாலு பேர் ஒரு பழைய செவ்ரோலே காரில் கிளம்பினோம். நான், என் அறைத்தோழன், அவனுடைய காதலி, அவர்களின் நண்பன் ஒருவன். அந்த நண்பனைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜூனில் படிப்பை முடித்திருந்தான். மாணவன் என்பதற்காகக் கிடைத்த விலக்கு அதோடு போயிற்று. வியட்நாமுக்கு அழைக்கும் கடிதம் எந்த நாளும் வரலாம். நாள்தோறும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவன் வீட்டில் இருக்கமாட்டான். விழாவுக்குச் சுவரொட்டி பார்த்து வந்தவர்கள் பலர். அவன் அந்தக் கடிதத்துக்குப் பயந்து வந்தான்.

மான்டிசெல்லோ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 17பி சாலையில் வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கார்கள். மணிக்கணக்காய் ஒரு அடி நகரவில்லை. ஜனங்கள் காரை ஓரத்தில் விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள். நாங்களும் நடந்தோம், எட்டொன்பது மைல் இருக்கும். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற கூட்டத்தைச் சின்ன வயசில் ரோட்டோரம் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். தலையில் மூட்டை, தோளில் குழந்தை, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தவர்கள், பாடிக்கொண்டே போகிறவர்கள். அம்மாவுக்கு எழுதியபோது எனக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. “பழனிக்குப் போகிற மாதிரி இருந்தது, ஆனால் யாருக்கும் முருகனைத் தெரியாது” என்று எழுதியிருக்கிறேன்.

வழியில் ஒரு வெள்ளை மரவீடு. வாசலில் வயதான அம்மாள் ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர்களெல்லாம் குனிந்து கைநீட்டி வாங்கிக் குடித்தார்கள். சில இடங்களில் தண்ணீரை விலைக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாஸ்கர் கொதித்துப்போய், தன் பண்ணையில் தண்ணீர் இலவசம் என்று எழுதி மாட்டினார் என்பதைப் பிறகு படித்தேன். இந்த அம்மாளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. தாகத்தோடு ஜனங்கள் நடந்தார்கள், அவர் குழாயைத் திறந்தார். நான் குடித்து முடித்ததும் என் சட்டைப்பை ஈரமானதைப் பார்த்து, சீட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொள் என்று சைகை காட்டினார்.

மைதானத்தை நெருங்கும்போதே கிதார் கேட்டது. ரிச்சி ஹேவன்ஸ். முதலில் பாடவேண்டிய குழு வரும் வழியில் மாட்டிக்கொண்டதால் அவரை முதலாவதாக மேடையேற்றிவிட்டார்கள். பாட்டெல்லாம் தீர்ந்த பிறகு, பழைய ஆன்மிகப் பாடல் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே ஒரு பாட்டைக் கட்டினார். வேலி பாதியில் நின்றிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனோம். நிலம் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி. மேடை கிண்ணத்தின் அடியில். புதிதாக அறுத்த தீவனப்புல் வாசமும் சாணி வாசமும் கலந்து அடித்தன. கண்ணை மூடினால் எங்கள் தொழுவம்.

அடுத்து மேடையில் காவி தெரிந்தது.

நாங்கள் மேட்டில் வெகுதூரம் தள்ளி இருந்தோம். வெள்ளை விரிப்பின் மேல் காவித் துளி ஒன்று அவ்வளவுதான். குரல் மட்டும் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வந்தது. பில் ஹான்லி என்பவர் கோபுரங்களில் ஏற்றிவைத்த ஒலிபெருக்கிகளின் திறமை அது. இசையைப் பற்றி, ஒலியால் உலகத்தையே ஆட்டிவைக்க முடியும் என்பது பற்றி நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். பேச்சு எனக்கு அப்புறம்தான் எட்டியது. முதலில் எட்டியது அந்த ஆங்கிலத்தின் இழுப்பு. எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் பேசிய ஆங்கிலம், கோயமுத்தூர்க்காரரின் ஆங்கிலம். உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். கடைசியில் அவர் நாமம் சொல்லச் சொல்லி, அந்தச் சரிவு முழுவதும் திரும்பச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வருடமாக என் பெயரைக்கூட யாரும் சரியாக உச்சரித்திராத தேசம் அது.

“யாரோ ஒரு சாமியார் பேசினார், நம் பக்கத்துக்காரர் போலத் தெரிகிறது” என்று கடிதத்தில் இரண்டு வரி. பெயரை நான் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

இரவு ரவி ஷங்கர். நான் எதற்காக 18 டாலர் கொடுத்தேனோ அது. அவர் வாசிக்கத் தொடங்கியபோது மழையும் இறங்கியது. தபேலாவில் அல்லா ரக்கா, தம்புராவில் மாயா குல்கர்னி. ஈரத்தில் தோலும் நரம்பும் என்ன பாடு படும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வாசிப்பின் அருமை புரியும். சுருதி இறங்க இறங்க அவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் பிளாஸ்டிக் தாளைத் தலைக்கு மேல் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். ஒரு பெண், இதற்குத் தாளம் எப்படிப் போடுவது என்று என்னைக் கேட்டாள். தெரிந்த மட்டும் விரலைத் தொட்டுக் காட்டினேன். நாலைந்து பேர் இருட்டில் என் கையைப் பார்த்துத் தொடையில் தட்டினார்கள்.

ரவி ஷங்கருக்கு அந்த விழா பிடிக்கவில்லை. சேற்றில் கிடந்த கூட்டம் நம் ஊர்க் குட்டையில் எருமைகள் கிடப்பதை நினைவூட்டியதாகப் பின்னாளில் சொன்னார். போதையோடு இசை கேட்பதை அவர் வெறுத்தார், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மேடையிலிருந்து அந்த நாலைந்து பேர் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது. 1970-ல் வந்த படத்தில் ரவி ஷங்கர் இல்லை. அந்த இரவை எனக்கு யாரும் திரையில் காட்டவில்லை. அதனால் அது கலப்பில்லாமல் என்னுடையதாக இருக்கிறது.

நள்ளிரவுக்குப் பிறகு ஜோன் பேயஸ். ஆறு மாதக் கர்ப்பிணி. போருக்குப் போக மறுத்ததற்காக அவர் கணவர் டேவிட் ஹாரிஸ் சிறையில் இருந்தார். அதைப் பற்றி அவர் மேடையில் சொன்னபோது எங்கள் நண்பன் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை பசி. இதைப் பற்றித்தான் கடிதத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். சோற்றைப் பற்றி எழுதினால்தான் அம்மாவுக்குப் புரியும் என்று எழுதினேனோ, நிஜமாகவே அதுதான் பெரிதாக இருந்ததோ! விற்கப்பட்ட சீட்டுகள் ஏறக்குறைய 1,86,000. வந்தவர்கள் நாலு லட்சத்துக்கு மேல் என்று சொல்கிறார்கள். கழிப்பறைகள் 600. வேலியும் நுழைவாயிலும் முடிவதற்குள் ஜனம் உட்கார்ந்துவிட்டதால், விழா இலவசம் என்று அறிவிப்பதைத் தவிர விழாக்காரர்களுக்கு வழி இருக்கவில்லை. கொண்டுவந்த ரொட்டி வெள்ளி இரவே தீர்ந்திருந்தது. கடைகளில் இருப்பு காலி.

ஹாக் ஃபார்ம் என்ற கூட்டுவாழ்க்கைக் குழுவினர் இலவச அடுப்பு மூட்டியிருந்தார்கள். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். காகிதத் தட்டில் விழுந்ததைப் பார்த்தால், உடைத்த கோதுமையைக் காய்கறியோடு வேகவைத்தது. எங்கள் ஊர் ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு வரிசை நின்ற பஞ்ச வருடங்கள் அப்போதுதான் கடந்திருந்தன. அரிசி தின்று பழகிய எங்கள் வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா உடைத்து உப்புமா கிண்டுவாள். அதே கோதுமையை, அது விளைந்த நாட்டில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் சேற்றில் நின்று கைநீட்டி வாங்கினார்கள். அவர்களுக்கு நடுவே நானும் வாங்கினேன். உப்பு போதவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் ரொட்டித் துண்டுகள் வந்தன. மான்டிசெல்லோவின் யூத சமூகக் கூடத்துப் பெண்கள் ரொட்டியும் இறைச்சியும் ஊறுகாயும் அடுக்கிப் பொட்டலம் கட்ட, கிறிஸ்தவக் கன்னியாஸ்திரிகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாலிபப் பிள்ளைகள் சிலர் அரைகுறை ஆடையில் இருந்தார்கள். சிலர் எதுவுமே இல்லாமல் இருந்தார்கள். அந்தச் சகோதரிகள் முகத்தைப் பார்த்துக் கையில் பொட்டலத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்கள். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

வானத்தில் ராணுவ ஹெலிகாப்டர்கள். வியட்நாமில் பறந்த அதே வகை. அவை மருத்துவர்களையும் மருந்துகளையும் கொண்டுவருகின்றன, நமக்காகத்தான் வருகின்றன என்று மேடையில் சொன்னார்கள். கூட்டம் கை தட்டியது. எங்கள் நண்பன் கை தட்டவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் 10,000 தேசியக் காவல் படையினரை அனுப்ப இருந்தார், விழாக்காரர்களில் ஒருவரான ஜான் ராபர்ட்ஸ் தொலைபேசியில் மன்றாடித் தடுத்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. துப்பாக்கிகள் வந்திருந்தால் அந்த வார இறுதியின் பெயரே வேறாகியிருக்கும்.

சனி இரவைப் பற்றிக் கடிதம் சொல்வது: “ஒரு லாரிக்கு அடியில் காய்ந்த இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன்.” ஜானிஸ் ஜாப்ளின், ஸ்லை ஸ்டோன் குழு, விடியும் வேளையில் தி ஹூ. எல்லாம் நான் தூங்கும்போது நடந்தவை. ரோஜர் டால்ட்ரியின் பின்னால் சூரியன் எழுந்ததை எத்தனையோ பேருக்கு வர்ணித்திருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதில்லை. பார்த்ததாகவே நம்பினேன். பழுப்பு நிறப் போதை மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லி மேடையிலிருந்து எச்சரித்த புகழ்பெற்ற அறிவிப்பையும் காதால் கேட்டேனா, தியேட்டரில் கேட்டேனா, என்னால் பிரிக்க முடியவில்லை.

அந்த லாரிக்கு அடியில் படுத்ததை நினைத்தால் இப்போது நெஞ்சு படபடக்கிறது. தூக்கப்பைக்குள் படுத்திருந்த ஒரு பையன்மேல் டிராக்டர் ஏறி உயிர் போயிற்று. இன்னொருவர் போதை மருந்தால் இறந்தார். அமைதியாக நடந்த விழா என்று எழுதும்போதெல்லாம் இந்த இரண்டு பேரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வந்த கூட்டத்துக்குப் போதாத ஏற்பாட்டை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் சீட்டு விற்றது பெரிய பிழை. அந்தப் பிழையைச் சுமந்தது ஊர்க்காரர்களும், மருத்துவக் கூடாரத்துச் செவிலியர்களும், அடுப்படியில் நின்றவர்களும்தான். நான்கே மாதம் கழித்து டிசம்பர் 6-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் கச்சேரியில் ஒருவர் மேடைக்கு முன்னாலேயே கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அங்கும் இதே தலைமுறை, இதே நீள முடி. கூட்டத்தின் குணத்தால்தான் வுட்ஸ்டாக் நன்றாக முடிந்தது என்று என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாஸ்கர் மேடைக்கு வந்தார். தான் ஒரு விவசாயி என்று ஆரம்பித்து, இத்தனை இளைஞர்கள் சேர்ந்து மூன்று நாள் சண்டையில்லாமல் இருந்ததைப் பாராட்டினார். அவர் புல்வெளி சேறாகிப்போயிருந்தது. விளைந்த தீவனத்தை ஆள் மிதித்தால் எங்கள் அப்பா என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த மனிதரின் குரல் தழுதழுத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஜோ காக்கர் பாடி முடித்ததும் வானம் கறுத்தது. காற்று கிளம்பி, ஒலிபெருக்கிக் கோபுரங்கள் ஆடின. ஏறி உட்கார்ந்திருந்தவர்களை இறங்கச் சொல்லி மேடையிலிருந்து கெஞ்சினார்கள். அந்தப் பத்து நிமிடம் எனக்குச் சாவு பயம். கோபுரம் சாய்ந்தால் ஓட இடமில்லை. மழை நின்றபோது அறைத்தோழன் போதும் என்றான். திங்கள் காலை அவனுக்கு வேலை. திரும்பி நடந்தோம். கார் சகதியில் அச்சுவரை புதைந்திருந்தது. முன்பின் தெரியாத ஆறேழு பேர் தள்ளி ஏற்றிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

ஊரிலிருந்து பதில் செப்டம்பரில் வந்தது. அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதியது. சாமியார் விஷயத்துக்கு முதலிலேயே விடை: “மாமா விசாரிச்சுச் சொன்னாரு. அவரு சச்சிதானந்த சுவாமி. நம்ம செட்டிபாளையத்துக்காரராமா.” எங்கள் கிராமத்திலிருந்து செட்டிபாளையம் பஸ்ஸில் போகிற தூரம். 1914-ல் அங்கே ராமசாமியாகப் பிறந்து, துறவியாகி, இலங்கையில் பல வருடங்கள் இருந்து, 1966-ல் நியூயார்க் வந்தவர். ஆலிஸ் கோல்ட்ரேன் அவர் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டதும், வர்ஜீனியாவில் அவர் யோகாவில் என்ற ஊரையே உருவாக்கியதும் பிற்பாடு. 2002-ல் சென்னையில் காலமானார். அத்தனை தூரம் பறந்து போய் உட்கார்ந்த நான், எங்கள் பக்கத்து ஊர்க்காரர் குரலைத்தான் முதல் நாள் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் அந்தப் பதிலில் கடைசிப் பகுதி வேறு: “கண்ணு, பசிக்கு அன்னம் போட்ட பொம்பளைங்களுக்கும் தண்ணி ஊத்துன அந்த அம்மாளுக்கும் நீ என்ன குடுத்த? ஒண்ணும் குடுக்காம வந்திருந்தா போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வா.”

அடுத்த வசந்தத்தில் படிக்க வந்த பையன் ஒருவன் கையில் அம்மா இரண்டு சென்னிமலைப் போர்வைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதற்குள் எங்கள் நண்பன் போய்விட்டிருந்தான். டிசம்பர் 1-ம் தேதி ராணுவத்துக்கு ஆளெடுக்க நடந்த குலுக்கலில் அவன் பிறந்தநாள் முன்வரிசையில் விழுந்தது. ஜனவரியில் எல்லை தாண்டிக் கனடா போய்விட்டான். 1970 ஆகஸ்டில் நானும் அறைத்தோழனும் மட்டும் 17பி சாலையில் போனோம். சாலை காலியாக இருந்தது. ஒரு போர்வையை மான்டிசெல்லோ கூடத்தில் கொடுத்தோம். வாங்கிய பெண்மணி அதை விரித்து, கரையைத் தடவிப் பார்த்தார்.

வெள்ளை மரவீட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். போன வருடம் உங்களிடம் தண்ணீர் குடித்தேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். நினைவில்லை என்றார், எத்தனையோ பேர் வந்தார்கள் என்றார். போர்வையை நீட்டினேன். அம்மா அனுப்பியது, இந்தியாவிலிருந்து, என்றேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மடிப்புக் கலையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.